மூடியை நம்பாதே

அண்ணி பொய்க்கணக்கு எழுதுகிறாள் என்று கழுகுக்கு உறைத்தது திங்கட்கிழமை காலையில். செல் எண்ணிக்கைத் தாளை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தாள். வளர வேண்டியது வளரவில்லை. சும்மா கிடக்க வேண்டியது கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. போன சுற்றிலும் இதே கதைதான்.

கழுகு என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர். செல் வளர்க்கும் கிண்ணத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் மைக்ரோஸ்கோப்புக்குப் போகும் முன்பே வெறுங்கண்ணால் கண்டுபிடித்துவிடுவாள். பதினாறு வருடமாக மார்பகப் புற்றுநோய் செல்களோடுதான் அவளுக்குப் பிழைப்பு. அந்தப் பட்டப்பெயரைப் பாராட்டாகத்தான் வைத்தார்கள் என்று நம்பினாள். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவளுக்கு அதில் மட்டும் சந்தேகம் வந்ததே இல்லை.

செய்கிற வேலை கேட்பதற்கு எளிது. ஒரே செல்லை மூன்று வகைக் கிண்ணங்களில் வளர்க்க வேண்டும். முதல் வகையில் எதுவும் சேர்ப்பதில்லை. அதற்கு அந்தக் கூடத்தில் ‘சும்மா’ என்று பெயர், மூடியில் ‘சு’ என்று எழுதுவார்கள். இரண்டாவதில் வளர்ச்சிக் காரணி, உடம்பே சுரக்கிற ஒரு புரதம், செல்லைப் பெருகச் சொல்லும். அது ‘வ’. மூன்றாவதில் எலித் தோலில் தடவினால் கட்டியைத் தூண்டிவிடும் ரசாயனம். அது ‘தூ’. ஆறாம் நாள் செல்களை உரித்தெடுத்து எண்ணினால் ‘வ’வும் ‘தூ’வும் சும்மாவை மிஞ்சியிருக்க வேண்டும். அண்ணியின் தாளில் இரண்டும் சும்மாவில் பாதிகூட இல்லை.

எண்ணி முடித்தால் செல் மிஞ்சாது, தாள்தான் மிஞ்சும். சரிபார்க்க வேறு வழியே கிடையாது.

அண்ணி என்றால் ஆய்வுக்கூடத்துக்குப் பொதுவான அண்ணி இல்லை. கழுகின் சொந்த அண்ணன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே பஸ், இப்போது ஆறு மாதமாக ஒரே மேஜை. தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை கூடத்தின் தலைவி டாக்டரம்மாவிடம் கழுகு எழுதிக்கொடுக்கும் குறிப்பைப் பொறுத்துத்தான் அது நிரந்தரமாகும், இல்லையென்றால் அண்ணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணனின் கடை மூடி வருடமாகிவிட்டது. இந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்று கழுகுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த அன்றே கழுகு கறாராகச் சொல்லியிருந்தாள்: “இங்க அண்ணியும் கிடையாது கிண்ணியும் கிடையாது. கிண்ணம் மட்டும்தான்.” அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் கழுகு மனதில் குறித்துவைத்துக்கொண்டாள்.

“இந்தத் தாளை நல்லாப் பாத்தீங்களா?” என்றாள் இப்போது.

“பாத்தேனே.”

“‘வ’ எப்படிக் கம்மியா வரும்? ஊத்தும்போது மாத்தி ஊத்திட்டீங்களா?”

“இல்லீங்க. எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆனா எண்ணினது இதுதான்.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்தான்.”

அண்ணியிடம் ஒரு நீலநிற நோட்டு உண்டு. கழுகு பக்கத்தில் வந்தால் அதை மூடிவிடுவாள். இப்போதும் மூடினாள். ஒன்றுமில்லாத நோட்டை எவளாவது இப்படிப் பட்டென்று மூடுவாளா?

ஒரு தடவை சந்தேகம் நுழைந்துவிட்டால் அது கண்டதையெல்லாம் தின்று கொழுக்கும். அண்ணி ஏன் அரைமணி முன்னதாக வருகிறாள்? கை உறையை ஏன் இரண்டு தடவை மாற்றுகிறாள்? வீட்டில்தான் லட்சணம் தெரிந்ததே! சமையல் மேடையில் ஒரே அளவில் இரண்டு டப்பா, உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மூடியில் பெரிதாகப் பெயர் எழுதியிருக்கும். காலையில் முதலில் எழுவது கழுகு. தூக்கக் கலக்கத்தோடு உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்து, டீ குடித்துவிட்டுக் குளிக்கப் போவாள். பிறகுதான் அண்ணி எழுந்து அண்ணனுக்கு டீ போடுவாள். அந்த டீயில் மூன்று தடவை உப்பு! மூடியை மாற்றி மூடிவைக்கிற கைக்கு செல் எண்ணுகிற வேலை எதற்கு என்று கழுகு அண்ணன் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதமாக உப்பு டீ இல்லை. தன் வாய்க்குப் பயந்து அண்ணி திருந்திவிட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இப்போதும் ஒரு கணக்குப் போட்டாள். முதல் சுற்றில் ஊற்றும்போது மாறியிருக்கும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இரண்டாம் சுற்றில் எண்ணாமலே பழைய எண்ணை ஒட்டி ஒரு எண்ணை எழுதியிருப்பாள். மூன்றாம் சுற்றுக் கிண்ணங்கள் இன்குபேட்டரில் இருந்தன, வியாழக்கிழமை எண்ண வேண்டியவை. இதில் பிடித்துவிடலாம்.

புதன்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கழுகு தலைவலி என்று தங்கிவிட்டாள். கை உறை போட்டு, நான்கு ‘சு’ கிண்ணங்களின் மூடிகளைக் கழற்றி நான்கு ‘வ’ கிண்ணங்களுக்குப் போட்டாள். ‘வ’ மூடிகளை ‘சு’வுக்குப் போட்டாள். உண்மையாக எண்ணுகிறவளாக இருந்தால் நாளைக்கு எண்கள் தலைகீழாக வந்தே தீரும். பழையபடி வந்தால் அம்மணி எண்ணவே இல்லை.

மூடிகளை மாற்றும்போது எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. ‘மூடியை நம்பாதே’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன் அவளே எழுதி ஒட்டியது. தினமும் பார்க்கிற எழுத்து, அதனால் அவள் படிக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை தாள் வந்தது. சும்மா நிறைய. ‘வ’ பாதிக்கும் கீழே. அச்சு அசல் பழையபடி.

கழுகுக்கு வந்தது ஜெயித்த சந்தோஷமா, அண்ணனை நினைத்த பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நேராக உட்கார்ந்து குறிப்பு எழுதினாள்: ‘இவர் எண்ணாமல் எண் எழுதுகிறார். நிரந்தரமாக்க வேண்டாம்.’ கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து, டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டே கிளம்பினாள். பஸ்ஸில் அண்ணி ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். கழுகு வழி முழுக்க வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரையும் டாக்டரம்மா கூப்பிட்டார். குறிப்பை உரக்கப் படித்தார்.

“எண்ணாம எழுதினேன்னு எப்படிச் சொல்றாங்க டாக்டர்?”

“நீங்க எண்ணினதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?”

அண்ணி அந்த நீல நோட்டை எடுத்தாள். டாக்டரம்மா வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நான்கு தடவை எண்ணிய எண்கள் இருந்தன. அடியில் ஒரு வரி: ‘எட்டுக் கிண்ணங்களில் மூடி மாறியிருக்கிறது. கிண்ணத்தின் அடியில் எழுதியிருப்பதை வைத்து எண்ணினேன்.’

“அடியிலயும் எழுதுவீங்களா?”

“ஓரத்துல பொடியா எழுதுவேன் டாக்டர். மூடி மாறிடும்ல.”

எட்டுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிய கழுகு ஒன்றின் அடியைக்கூடப் பார்க்கவில்லை. இவள் அசட்டை, இவள் அடியில் எழுதியிருக்க மாட்டாள் என்று முன்பே முடிவு கட்டியாகிவிட்டதே, பிறகு எதைப் பார்ப்பது?

டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். அவர் குரலே மாறிவிட்டது. “அப்போ மூணு சுற்றும் நிஜம். இந்த வகை செல்லோட மேல்தோல்ல வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கிற கொக்கி ஏகப்பட்டது இருக்கு. மத்த செல்லுக்குப் பெருகச் சொல்ற அதே மருந்து இதைத் திக்குமுக்காட வைக்குது போல. தூண்டியும் எலித் தோல்ல பண்றதை இங்க பண்ணல. வளர்ச்சி, தூண்டின்னு நாமளே பேர் வெச்சோம், அந்தப் பேரைப் பாத்து நாமளே ஏமாந்தோம்.” பிறகு தலையை நிமிர்த்தினார். “சரி, மூடியை மாத்தினது யாரு?”

“தெரியல டாக்டர்,” என்றாள் அண்ணி.

அவளுக்குத் தெரியும். புதன்கிழமை மதியம் கூடத்தில் யார் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணி கழுகின் பக்கம் திரும்பவே இல்லை. கழுகு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுடைய பதினாறு வருடப் பெயர் அப்படியே நிற்கும்.

“நான்தான் மாத்தினேன்,” என்றாள் கழுகு. “இவங்களைப் பிடிக்கணும்னு மாத்தினேன். மூணு சுற்றுலயும் கிண்ணத்துல தில்லுமுல்லு பண்ணினது நான் ஒருத்திதான்.”

டாக்டரம்மா அந்தக் குறிப்பை அவள் பக்கம் தள்ளினார். “இதை நீங்களே கிழிச்சிட்டு, வேற எழுதிக் குடுங்க. உங்களைப் பத்தி நான் தனியா எழுதணும்.”

மாலையில் கை கழுவும் தொட்டியருகே இருவரும் நின்றார்கள்.

“தெரிஞ்சும் ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல அண்ணி?”

அந்தக் கட்டடத்துக்குள் அவள் அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வீட்டுக்குத்தானே திரும்பப் போகணும்,” என்றாள் அண்ணி. குழாயை மூடினாள். கோபம் இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது, குரலின் அடியில் இருந்தது. “நோட்டை ஏன் மூடுறேன்னு உங்களுக்குச் சந்தேகம், இல்லையா? நீங்க பாத்தாலே என் கை தப்பா எழுதும். அதான்.”

“அடியில எழுதற பழக்கம் சுவத்துல ஒட்டினதைப் பாத்தா வந்துச்சு?”

“இல்ல. வீட்ல வந்தது.” அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வீட்டுக்கு வந்ததும் கழுகு நேரே சமையல் மேடைக்குப் போனாள். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காலையில் அண்ணி எழுவதற்கு முன் அவற்றைத் திறந்து மூடியது அவள் ஒருத்திதான். ‘சர்க்கரை’ என்று மூடியில் எழுதியிருந்த டப்பாவைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்து அடியைப் பார்த்தாள்.

பொடி எழுத்தில் ‘உப்பு’ என்று இருந்தது.