மேட்டில் போட்ட பந்தி

ஜெயராணி வாக்குக் கொடுத்தால் மாறமாட்டாள். அந்த ஒரே காரணத்தால்தான் அவள் கல்வராயன் மலைக் காட்டில், ஆற்றங்கரைக் கூடாரத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியொன்றும் பெரிய ஆறு இல்லை. கோடை மழையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து பாறைகளுக்கு நடுவே முணுமுணுத்துக்கொண்டு ஓடியது. இருந்தாலும் அவளுக்குத் தண்ணீர் தண்ணீர்தான்.

கடலூரில் அவர்கள் வீடு செம்மண்டலத்தில், கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது. சுனாமி வந்த நாளிலிருந்து அவள் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. பேருந்து கெடிலம் பாலத்தில் ஏறினால்கூடக் கண்ணை மூடிக்கொள்வாள். துணிமணி, டார்ச் லைட், பைபிள் எல்லாம் வைத்த பை ஒன்று ஐந்து வருடமாக வாசல் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்குகிறது.

அப்படிப்பட்டவளின் மகள் வெண்மதிக்குக் கடல் உயிரியல் படிக்க ஆசை. பி.எஸ்ஸி. முடித்ததும் சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. வகுப்பும் விடுதியும் சிதம்பரத்தில் இல்லை, பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஜெயராணி முடியாது என்றாள். மகள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் தாயே ஒரு வழி சொன்னாள்.

"தண்ணி ஓரத்துல ரெண்டு நாளு பயப்படாம என்னால இருக்க முடியுதான்னு பாக்குறேன். முடிஞ்சா போ. முடியலன்னா அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா" என்றாள் வெண்மதி.

இடம் பார்த்தது ஜெயராணியின் தம்பி ஞானசேகரன். சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். கடலில் ஆரம்பிக்க வேண்டாம், ஓர் ஆற்றில் ஆரம்பிக்கலாம் என்று அவன்தான் இந்த முகாமுக்கு அழைத்து வந்தான். நான்கு கூடாரம், ஓலை வேய்ந்த ஒரு சமையல் கொட்டகை, அரிக்கேன் விளக்கு. கரண்டு கிடையாது. மலைக்காரப் பெண் செல்லாயி சமைத்துப் போட்டாள். கொட்டகைக்குப் பின்னால் காடு மேடேறிப் போனது.

பக்கத்துக் கூடாரத்தில் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம். ராஜமாணிக்கம் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். வடலூருக்கு மாதம் தவறாமல் போகிறவர்; மாமிசம் தொடமாட்டார். சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னால் எழுந்து நின்று, "யாராச்சும் பசியா இருக்கீங்களா?" என்று நாலு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். காட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று அவர் மனைவி ரத்தினம்மாள் சலித்துக்கொள்வாள். அவர்களுக்கு அன்புமணி, கயல்விழி என்று இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பத்து வயது இருக்கும்.

முதல் இரவு நல்லபடியாகக் கழிந்தது. ஜெயராணி தூங்கவில்லை, ஓடவும் இல்லை.

"பாதி கெணறு தாண்டியாச்சி அக்கா" என்றான் ஞானசேகரன் காலையில், முகத்தில் சோப்பு நுரையோடு.

"கெணறுன்னு சொல்லாத மச்சான். அதுலயும் தண்ணி இருக்குது" என்றான் செம்பியன், ஜெயராணியின் கணவன். மின்வாரியத்தில் வேலை. அதிகம் பேசாதவன், பேசினால் இப்படித்தான் பேசுவான். ஜெயராணிக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கரையில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். வெண்மதி தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பரங்கிப்பேட்டை தெரிந்தது.

அப்போதுதான் ஆற்றின் சத்தம் குறைந்தது.

ஜெயராணி முதலில் தன் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். பிறகு பார்த்தாள். காலடியில் நனைந்திருந்த கல் காய்ந்து வெளியே நின்றது. தண்ணீர் நடு ஆற்றை நோக்கி உள்வாங்கிக்கொண்டிருந்தது. சேறும் கூழாங்கல்லும் பளபளத்தன. அவற்றின் மேல் சின்னச் சின்ன மீன்கள் துள்ளின.

"அண்ணா, மீனு! மீனு சாவுது!" என்று கத்திக்கொண்டு கயல்விழி ஒரு சொம்போடு ஆற்றுக்குள் இறங்கினாள். அன்புமணி அவள் பின்னால் ஓடினான்.

ஜெயராணியின் கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

அன்றும் காலை நேரம்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்தில் தனக்கு மீன் கொடுக்கும் கொளஞ்சியம்மாளுக்குப் பலகாரம் கொடுக்க வெண்மதியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கடல் உள்ளே போனது. தரை தெரிந்தது. மீன் துள்ளியது. கொளஞ்சியம்மாளின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஜெயராணி அன்று கத்தவில்லை. கத்த வேண்டும் என்று அவளுக்கு மட்டுமல்ல, அந்தக் கரையில் யாருக்குமே தெரியாது. மற்றவர்களைப்போல அவளும் வேடிக்கை பார்த்தாள்.

இன்று கத்தினாள். "ஓடுங்க! தண்ணி உள்ள போவுது! எல்லாரும் மேல ஓடுங்க!"

கத்தியதோடு நிற்கவில்லை. எந்தத் தண்ணீரைக் கண்டு ஐந்து வருடம் ஒளிந்தாளோ, அந்தத் தண்ணீரின் தடத்துக்குள் வெறுங்காலோடு இறங்கினாள். கயல்விழியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அன்புமணியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கல்லில் முட்டி தேய்ந்து அழுதான். அவள் விடவில்லை. கரையேறிய பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுழன்றாள்.

"இந்தப் பக்கம்மா! கொட்டாய்க்குப் பின்னால! வா!" என்று வெண்மதி கத்தினாள். தாயின் கையைப் பிடித்து முன்னால் ஓடினாள். ஜெயராணியின் குரலில் இருந்த நடுக்கம் மற்றவர்களைச் சிந்திக்க விடவில்லை. ராஜமாணிக்கம் ஓடினார். ரத்தினம்மாள் ஒற்றைச் செருப்போடு ஓடினாள். செம்பியன் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடும், ஞானசேகரன் பாதி மழித்த முகத்தோடும் ஓடினார்கள். செல்லாயிகூடக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, என்ன ஏதென்று தெரியாமலே பின்னால் ஓடிவந்தாள்.

மேலே ஒரு பெரிய தட்டைப் பாறை இருந்தது. அதில் நின்று எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

ஒன்றும் வரவில்லை. ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

மூச்சு வாங்கி முடித்ததும் செல்லாயிதான் கேட்டாள். "எதுக்கு ஓடியாந்தோம்? தண்ணி கொறஞ்சதுக்கா? மேல மறிச்சிருக்காங்கம்மா. இன்னிலேர்ந்து எங்க ஊரு வயலுக்கு மொறத் தண்ணி. கல்லு வெச்சி வாய்க்கால்ல திருப்புவாங்க. மேல மடு ரொம்பினா வழிஞ்சி பழையபடி வந்துடும். அது வருசா வருசம் நடக்குறதுதான், சொல்லணும்னு எனக்குத் தோணல."

ஞானசேகரனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, இந்த மலைக்குச் சுனாமி வரணும்னா கள்ளக்குறிச்சியில பஸ்ஸு மாறித்தான் வரணும்!"

ராஜமாணிக்கம் சிரித்துவிட்டார். ரத்தினம்மாள் சிரிக்கவில்லை. மகனின் முட்டியைத் துடைத்துக்கொண்டே பொரிந்தாள்.

"என்னா பொம்பள நீ? புள்ள முட்டியப் பாரு, தோலே இல்ல. என் செருப்பு ஒண்ணு எங்க கெடக்குதோ. தண்ணி கொறஞ்சா இப்பிடியா ஊரக் கூட்டுவாங்க? பயம் ஜாஸ்தின்னா ஊட்டுல இருக்கறதுதானே?"

ஜெயராணி கயல்விழியை இன்னும் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. இறக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தையும் ஏதோ புரிந்ததுபோல அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

ரத்தினம்மாள் அதைக் கவனித்தாள். குரல் இறங்கியது.

"எந்த ஊரும்மா நீங்க?"

"கடலூரு."

"கடலூரா..." ரத்தினம்மாள் கீழே ஆற்றைப் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி வேறு குரலில் சொன்னாள். "என்னாங்க, சோத்துக் குண்டானையும் கொழம்பையும் இங்க கொண்டாரச் சொல்லுங்க. இங்கதான் காத்து நல்லா வருது."

"எல்லாம் அடுப்புல இருக்குதே. இன்னும் சாப்புடற நேரம்கூட..."

"கொண்டாங்கன்னா கொண்டாங்க. நாமெல்லாம் இங்க சாப்புடத்தான் வந்தோம்."

ராஜமாணிக்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஜெயராணியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஞானசேகரனும் பின்னாலேயே போனான். சோறு வெந்து, சாம்பார் கொதித்து மேலே வர வெகு நேரமானது. செல்லாயி காட்டிலேயே தேக்கிலை பறித்துக் கழுவிப் போட்டாள். பாறை மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். பயந்து ஓடிவந்த இடம் கொஞ்ச நேரத்தில் பந்தி போட்ட இடமாகிவிட்டது. யாரும் ஜெயராணியைச் சமாதானப்படுத்தவில்லை, யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை. அவள் ஒருத்தி பைத்தியக்காரியாக நிற்காதபடி எல்லோருமாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். மனிதர்களுக்கு இப்படிச் செய்யத் தெரிகிறது. கடவுள் அதை அவர்களுக்குள் எங்கோ வைத்திருக்கிறார். நேரம் வரும்போது எடுத்துக்கொள்கிறார்கள்.

ராஜமாணிக்கம் எழுந்து நின்று, "யாராச்சும் பசியா இருக்கீங்களா?" என்று காட்டைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குப் பசிக்குதுண்ணே" என்றாள் ஜெயராணி. மேட்டுக்கு வந்த பிறகு ஊர்ப்பேர் தவிர அவள் பேசியது அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். முதல் கரண்டிச் சோறு அவள் இலையில்தான் விழுந்தது. ஞானசேகரன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தான். அவன் மன்னிப்புக் கேட்பது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வெண்மதி சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். "நான் பரங்கிப்பேட்டைக்குப் போவலம்மா. பேச்சு பேச்சுதான். நீ என்னா பண்ணுவ, பாவம்."

ஜெயராணி மகளைப் பார்த்தாள். வேறு ஏதோ யோசனை அவளுக்கு.

"மேல வர வழி உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"நேத்தே பாத்து வெச்சேன்."

"எப்ப?"

"வேன உட்டு எறங்குனதும். நீங்க பையெல்லாம் எடுத்து வெச்சீங்கள்ல, அப்ப. எங்க போனாலும் மொதல்ல அதத்தாம்மா பாப்பேன், மேடு எங்க இருக்குதுன்னு. காலேஜ் டூர் போனப்பக்கூட. யாருகிட்டயும் சொல்லமாட்டேன், சிரிப்பாங்க."

ஜெயராணியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தான் ஒருத்தி மட்டுமே சுமக்கிறோம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். பக்கத்திலேயே இந்தப் பெண்ணும் சத்தமில்லாமல் சுமந்துகொண்டு, அதோடேயே கடலைப் படிக்க ஆசையும் பட்டிருக்கிறாள்.

"சாப்புடு" என்றாள். மகளின் இலையில் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அன்று இரவு ஜெயராணி கூடாரத்தில்தான் படுத்தாள். மேலே படுக்கலாம் என்று செம்பியன் சொன்னபோது வேண்டாம் என்றாள்.

மறுநாள் காலை, காபி நேரத்தில், மலைக்கு மேலிருந்து ஒரு குரல் நீளமாக இறங்கி வந்தது. "தண்ணி மறிக்கிறோஓஓம்!"

செல்லாயி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "எங்க தம்பி உத்திராபதிதான். நேத்து சாயங்காலம் போயி சொல்லிட்டு வந்தேன். இனிமே மறிக்கறதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுக்கச் சொல்லி. கடல் ஊருக்காரங்க யாராச்சும் வந்து தங்குவாங்கல்ல."

சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துவிட்டு அந்த ஏற்றத்தில் போய்த் திரும்பியிருக்கிறாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தண்ணீர் மெல்ல உள்வாங்கியது. ஜெயராணி கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. முட்டியில் மஞ்சள் தடவிய அன்புமணி சொம்போடு கரையில் வந்து நின்றான். ஆற்றைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"அத்த, போலாமா? மீன நடு ஆத்துத் தண்ணியில உடணும். அப்பா சொல்லிச்சி."

"இரு" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே முதலில் இறங்கினாள். சேறு சில்லென்று இருந்தது. குனிந்து, துள்ளிக்கொண்டிருந்த ஒரு கெண்டைக் குஞ்சை இரண்டு கையிலும் அள்ளிச் சொம்பில் போட்டாள். "ம், வாங்க. ஆனா நான் வான்னா உடனே வரணும்."

பிள்ளைகள் இறங்கினார்கள். மேலே மடு நிரம்பித் தண்ணீர் திரும்பி வரும்வரைக்கும் அவர்கள் மீன்களைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயராணியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கொளஞ்சியம்மாளின் பிள்ளைகள் பெயரைத்தான் சொல்கிறாள் என்று வெண்மதிக்குத் தெரியும். அவர்களுக்காகத் தினமும் செய்கிற ஜெபம்தான். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று செய்வது இதுதான் முதல் தடவை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரத்தினம்மாள் குடும்பத்தையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டார்கள். மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்ததும் ஞானசேகரன் கேட்டான்.

"உளுந்தூர்ப்பேட்டை வந்து இவங்கள மங்கலம்பேட்டையில எறக்கிட்டு, திரும்பி வந்து பண்ருட்டி வழியா போயிடலாமா மாமா?"

செம்பியன் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஜெயராணி சொன்னாள். "வேணாம் சேகரு. மங்கலம்பேட்டையில எறக்கிட்டு அப்பிடியே விருத்தாசலம், சிதம்பரம்னு போ. பரங்கிப்பேட்டையப் பாத்துட்டு ஊருக்குப் போலாம்."

வெண்மதி தாயின் பக்கம் திரும்பக்கூடப் பயந்து ஜன்னலையே பார்த்தாள்.

"அங்க போயி என்னாக்கா பாக்கப் போற?" என்றான் ஞானசேகரன்.

"ஆஸ்டலப் பாக்கணும். மாடியில ரூமு குடுப்பாங்களான்னு கேக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பறம் அங்க மேடு எங்க இருக்குதுன்னு இவ காட்டட்டும். நானும் ஒருவாட்டி பாத்து வெச்சிக்கிறேன்."