யோபுவின் முதற் பிள்ளைகள்

கல்முனைக் கடலோரத்தில் வீட்டோடு சேர்த்து ஏழு வயது விதுஷாவையும் சுனாமி கொண்டுபோன ஒன்றரை வருசத்தில் ஞானமலருக்கு இன்னொரு பெண் பிறந்தாள். தேவாலயத்தில் வேதபாடம் நடத்தும் கனகரெத்தினம் ஐயா அவர்கள் தங்கியிருந்த அகதி முகாமுக்கு வந்து, "யோபுவுக்குப் போல கர்த்தர் உனக்கும் திரும்பத் தந்திரிக்கார் புள்ள" என்று ஜெபித்துவிட்டுப் போனார். வேதாகமத்து யோபு பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்து, பிறகு புதிதாகப் பெற்றவன். ஞானமலர் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கும் விதுஷா என்றே பேர் வைத்தாள்.

இந்த விதுஷாவுக்கு இப்போது பத்தொன்பது. ஒவ்வொரு மார்கழியிலும் சுனாமியில் செத்தவர்களின் பேர்களைத் தேவாலயத்தில் வாசிக்கும்போது தன் பேரையும் கேட்டு வளர்ந்தவள். அக்காவுக்குப் பிடித்த தொதல் இனிப்பைத்தான் இவளுடைய பிறந்தநாளுக்கும் தாய் கிண்டுவாள். இவள் அதைத் தட்டிலேயே விட்டுவிடுவாள்.

பக்கத்து முஸ்லிம் ஊரான கல்முனைக்குடியில், அக்கா முறையில் இவள் ராத்தா என்றழைக்கும் ஹாஜறாவின் தையல் கடையில் இவளுக்கு வேலை. ஒருநாள் துணி வெட்டிக்கொண்டே ராத்தா அய்யூப் நபியின் கதையைச் சொன்னாள். யோபுவைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

"அல்லாஹ் அவரிட குடும்பத்தத் திருப்பிக் குடுத்தான். அதோட அதேயளவு ஆக்களையும் சேத்துக் குடுத்தான்."

"செத்த புள்ளையளையுமா?"

"ஓம். அப்பிடித்தான் எங்கட மௌலவி சொல்லித் தந்தார்."

அந்தப் புதன்கிழமை, தாயும் வரும் வேதபாட வகுப்பில் விதுஷா தானே கேட்டு யோபுவின் கடைசி அதிகாரத்தை வாசித்தாள். ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் முன்போலப் பத்து.

"ஐயா, ஆட்டுக்குப் பதில் ஆடு, சரி. செத்த புள்ளைக்குப் பதில் வேற புள்ளையா? பிறகு பிறந்த பொம்புளப் புள்ளையளுக்குப் பேர் எழுதியிரிக்கு. முதல் புள்ளையளுக்கு ஒரு பேரும் இல்ல. அதுகள யோபு மறந்திட்டானா?"

கனகரெத்தினம் ஐயாவின் முகம் கறுத்தது. "வெளிய கேட்டதெல்லாம் இஞ்ச கொண்டுவராத."

"இதுல இரிக்கிறதத்தான் கேக்கிறன் ஐயா."

அவர் புத்தகத்தை மூடி, முடிவு ஜெபத்துக்கு எழும்பிவிட்டார். தலைகுனிந்திருந்தவர்களைத் தாண்டி ஞானமலர் தனியே வெளியே போனாள்.

அடுத்த வாரம் வகுப்பில் வாசிப்பவர்களின் பட்டியலில் விதுஷா இல்லை. ஞானமலரும் வகுப்புக்குப் போகவில்லை. வெளியே மழை ஊற்ற, வீட்டில் வேதாகமத்தை விரித்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள்.

"சொந்தக்காரர் வந்து ஆறுதல் சொன்னாங்க எண்டு இரிக்கு. அவன் ஆறினான் எண்டு எங்கயும் இல்ல."

விதுஷா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவளுக்குப் பதிலாத்தான் உன்னப் பெத்தன். பொய் சொல்ல மாட்டன்."

"தெரியும் அம்மா."

தாய் அழவில்லை. அன்றிலிருந்து அவள் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுமில்லை. "இஞ்ச வா", "சாப்பிடு" என்பதோடு சரி. அந்தப் பேரை உரியவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருந்தது. இருக்கிறவளுக்கென்று வேறொரு பேர் வைக்க இருவருக்கும் வாய் வரவில்லை.