எனக்கு மட்டும் ஹாரன்

மலைக்குப் போகிற வண்டியில் முன் இருக்கை யாருக்கு என்று கிளம்பும்போதே ஒரு சின்ன இழுபறி. என் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். ஊரெல்லாம் வாந்தி மாத்திரை விற்கிற மனுஷனுக்கு வளைவு என்ற சொல்லைக் கேட்டாலே தலை சுற்றும். அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, கணக்கு டீச்சர். பள்ளத்தைப் பார்த்தால் விழுந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார், பாவம். இருவரும் பின்னால் பதுங்கிக்கொள்ள, மகள் முன்னால் ஏறினாள். அவருடைய முதல் மனைவி பெற்ற பெண். போன வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கும் மகள்.

ஓட்டுவது நான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னை மாஸ்டரம்மா என்பார்கள். கிளட்சை விடு என்றால் பிரேக்கை மிதிக்கிறவர்களோடு காலம் தள்ளுகிறேன், அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திட்டு வாங்காமல் என்னிடம் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை.

மகளை மட்டும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தாயை இழந்த பிள்ளையிடம் எப்படிக் குரலை உயர்த்துவது? அவளும் என்னிடம் விருந்துக்கு வந்தவள் மாதிரியே நடந்துகொள்வாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், துணி மடித்துக் கொடுத்தால் தேங்க்ஸ் சொல்வாள். ஒன்றே ஒன்றுதான் செய்யமாட்டாள். என்னைக் கூப்பிடமாட்டாள்.

அம்மா என்கிற சொல்லுக்கு அவளிடம் சொந்தக்காரி ஏற்கெனவே இருக்கிறாள், அவள் அறைச் சுவரில் படமாக. அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. சித்தி என்று சொல்லிப் பார் என்றார் என் கணவர். அது அவள் நாக்கில் ஏறவில்லை. அம்மா என்றே கூப்பிடு, போகப் போகப் பழகிவிடும் என்று அண்ணி ஒருநாள் சொல்ல, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டாள். அன்றோடு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று இருவரையும் அடக்கி வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஏதாவது ஒன்று, கழுதை குதிரை என்றாவது கூப்பிட்டுத் தொலைய மாட்டாளா என்று ஏங்கத்தான் செய்தேன்.

வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் என் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். மலையில் அவளுக்கு அதைவிட நல்ல வழி கிடைத்தது. பாதி மலையில் தேநீர் குடிக்க இறங்கினோம். அவள் மட்டும் இறங்காமல் வண்டியில் இருந்தபடியே "அப்பா" என்று அவரைக் கூப்பிட்டாள், "அத்தை" என்று அண்ணியைக் கூப்பிட்டாள். பிறகு ஸ்டியரிங் பக்கம் எட்டி ஹாரனை அடித்தாள். திரும்பிப் பார்த்தேன். நான் மறந்து வைத்த பர்ஸைத் தூக்கிக் காட்டினாள். அவர்களுக்கெல்லாம் உறவு, எனக்கு மட்டும் ஹாரன். கடைக்காரரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

முதலில் ஏரிக்குப் போனோம். பனி மூடியதில் ஏரி இருக்கிற இடத்தை அங்கே நட்டிருந்த பலகைதான் சொன்னது. அந்தப் பலகையோடு என் கணவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அங்கிருந்து அருவிக்கு. அருவி ஏமாற்றவில்லை. ஒரு வளைவு தள்ளி வரும்போதே இரைச்சல் கேட்டது. கிட்டப் போனதும் சாரல் முகத்தில் அடித்தது. அண்ணி பள்ளத்தை மறந்து சின்னப் பிள்ளை மாதிரி ஓடினார். நான் எல்லோருடைய செருப்புக்கும் துண்டுக்கும் காவலாகக் கரையில் நின்றேன்.

"அம்மா..."

மகளின் குரல். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. துண்டுகளைப் போட்டுவிட்டு, உடுத்திய துணியோடு, கையில் வண்டிச் சாவியோடு தண்ணீருக்குள் பாய்ந்தேன். தட்டுத் தடுமாறிப் போய் அவள் தோளைப் பிடித்து, என்னம்மா, என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"ஒண்ணுமில்லையே. தண்ணி சில்லுனு இருந்துச்சு, அதான் கத்தினேன். உங்களைக் கூப்பிடல."

குளிர்ந்தாலும் அம்மா, முள் குத்தினாலும் அம்மா. உலகத்துக்கே பொதுவான அந்த அலறலை எனக்கு வந்த அழைப்பு என்று நினைத்துக்கொண்டேனே! வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வரும். கீழே பார்த்தேன். பாசி பிடித்த பாறையில் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான், டிரைவிங் ஸ்கூல் குரல் வெளியே வந்துவிட்டது.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? பாசியில யாராவது கால வைப்பாங்களா? கீழ பாத்து இறங்கு. மெதுவா. மெதுவான்னா என்னன்னு தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரைத் திட்டினேன் என்று உறைத்தது. என் கணவர் சோப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். மகள் என்னை உற்றுப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கிளட்ச் மட்டும்தான் சொல்லல" என்றாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அருவிக்கடியில் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

வண்டியில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தவள், கொஞ்ச தூரம் போனதும் பேச்செடுத்தாள்.

"ஸ்கூல்ல எல்லாரையும் இப்படித்தான் திட்டுவீங்களா?"

"இதைவிட மோசமா."

"என்னை ஏன் இத்தனை நாளா திட்டல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

கடைசியாக எதிரொலிப் பாறை. எதிரே பெரிய மலை, நடுவே பள்ளத்தாக்கு என்று சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைப் பனி மட்டும்தான். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு என் கணவர், "பசிக்குதே" என்று கத்தினார். "குதே... குதே" என்றது மலை. அண்ணி, "யாராவது இருக்கீங்களா" என்று கேட்டார். "களா... களா" என்று பதில் வந்தது. முன் பாதி நம் சத்தத்திலேயே அமுங்கிவிடும், வால்தான் திரும்பி வரும் என்று டீச்சர் அங்கேயும் பாடம் நடத்தினார்.

நான் கத்தப் போகவில்லை. வண்டியைச் சரிவில் நிறுத்தியிருந்தேன், மனசு அங்கேயே இருந்தது. பனிக்குள் தடவிக்கொண்டு போய், ஒரு கல்லைத் தேடிப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பாறைப் பக்கம் சலசலப்பு கேட்டது. பனி விலகுகிறதாம், பள்ளத்தாக்கு தெரிகிறதாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிவிடும் என்று யாரோ சொல்வதும் காதில் விழுந்தது. சீக்கிரம் என்னைக் கூப்பிடச் சொல்லி என் கணவர் மகளை அவசரப்படுத்தினார்.

தொண்டையைச் செருமினால் எட்டாத தூரம். ஹாரனோ என் பக்கம் இருந்தது.

"மாஸ்டரம்மா..."

குனிந்திருந்த நான் அப்படியே நிமிர்ந்தேன். அது அடங்குவதற்குள் எதிர்மலை பேசியது.

"ரம்மா... அம்மா... ம்மா..."

கையிலிருந்த மண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன். அண்ணிகூட வாயை மூடிக்கொண்டு நின்றார், அதுவே பெரிய அதிசயம். மகளின் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"நான் முழுசாதான் சொன்னேன். மலைதான் பாதியை விட்டுடுச்சு" என்றாள்.

"தெரியும். எனக்கு முழுசாவே கேட்டுச்சு" என்றேன்.

அவள் என் மண்கையைப் பிடித்து இழுத்துப் போய் வேலியோரம் நிறுத்தினாள். காடும், அதற்கு நடுவே நாங்கள் குளித்த அருவியும், தூரத்தில் அந்த ஏமாற்றுக்கார ஏரியும் தெரிந்ததாக அண்ணி இன்றும் வர்ணிப்பார். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண் கலங்கிப் போய், சந்தோஷத்தில் என்ன பார்க்கிறோம் என்றே தெரியாமல் நின்றேன்.

திரும்பும்போது அதே தேநீர்க் கடையில் நிறுத்தினோம். நான் இறங்கிப் போய் டீ சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டிக் கண்ணாடி இறங்கியது.

"மாஸ்டரம்மா, எனக்கு ரெண்டு பிஸ்கட்."

அந்தக் கடைக்கு எதிரே மலை கிடையாது, வெறும் தகரக் கொட்டகைதான். இருந்தாலும் எனக்கு இரண்டு தடவை கேட்டது.