கருவிழியில் ஏறிய நீர்

அக்காவுக்கு அழக் காரணமே வேண்டாம். பால் பொங்கினாலும் அழுவாள், திரிந்தாலும் அழுவாள். வீட்டில் அவளுக்கு 'குழாய்' என்றே பெயர். தங்கை நேரெதிர், கல்நெஞ்சுக்காரி என்று பெயரெடுத்தவள். கண்ணைத் தொடாமலே கருவிழியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று படம்பிடிக்கும் கருவியைச் செய்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தக் கருவி பாய்ச்சுவது டெராஹெர்ட்ஸ் கதிர் என்றதும் மிரள வேண்டாம். நீர் கூடினால் அது கூடுதலாகத் திரும்பி வரும், அவ்வளவுதான்.

அக்காவின் வலக்கண்ணில் இருப்பது யாரோ ஒரு புண்ணியவான் தந்த கருவிழி. உடம்பு அதை ஏற்காவிட்டால் முதலில் அதில் நீர் கோக்கும், பார்வை மங்குவது பிறகுதான். சீக்கிரம் தெரிந்தால் சொட்டு மருந்திலேயே காப்பாற்றிவிடலாம். அதற்காகவே தங்கை அவளை அடிக்கடி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்து அளந்தாள்.

அந்த முறை அளவு எகிறியது.

"வர்ற வழியில அழுதியாக்கா?"

"இல்லடி."

"கண்ணு செவந்து தண்ணி நிக்குது. யார்கிட்ட கதை விடுற?"

"சத்தியமா அழலடி. அது பாட்டுக்கு வடியுது."

கண்ணீர் கலந்த அளவைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடுவது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். தங்கை கழித்தாள். அழுதிருந்தால் இரண்டு கண்ணும்தானே நனைந்திருக்கும்? இடக்கண்ணையும் ஒரு தரம் அளந்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். குழாயின் கண்ணில் தண்ணீர் வருவதற்கு அளவு எதற்கு என்று இருந்துவிட்டாள், மகாராசி.

சில வாரத்தில் வலக்கண்ணைப் பால்போல வெள்ளை மூடிக்கொண்டது. "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார் கண் மருத்துவர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை இவ்வளவு நேராக யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

கழித்துப் போட்ட அளவை ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் தோண்டியெடுத்தார். "டாக்டருக்கே தெரியாதப்ப நம்ம மெஷின் கண்டுபிடிச்சிருக்கு! இதைவிட என்னம்மா சாட்சி வேணும்?" எல்லோரும் கைதட்டினார்கள். அவர் வாயில் மண்ணைப் போட வேண்டும்போல இருந்தது தங்கைக்கு. தன் வாயில் அதைவிட அதிகமாக.

வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா வலக்கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உன் மெஷின் சரியாத்தான் சொல்லுச்சா?"

"சரியாத்தான்க்கா."

"நானும் சரியாத்தான் சொன்னேன்" என்றாள் அக்கா. "ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது நம்பியிருக்கலாமேடி."