வகிடு கலையாத நீச்சல்

பேனரின் இடது மூலையைக் கட்டக் கயிறு எட்டவில்லை. நீச்சல்குளத்துச் செயலாளர் நாற்காலி மேல் ஏறி நின்று, "இழுத்துப் பிடிங்கப்பா, மாஸ்டர் மூஞ்சி சுருங்குது" என்றார். கீழே, ஆழம் குறைந்த பக்கத்தின் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள், மாஸ்டர் எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தார்.

மகள் தலைமாட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் காலையில் பாதிக் கன்னம் சவரம் செய்தபடியே அப்பா சாய்ந்துவிட்டார். மீதிக் கன்னத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் முடித்துக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் 'குடும்பமாய் நீந்துவோம்' வகுப்பு நடத்தியவரை அரைமணி நேரமாவது குளத்தருகே வைக்க வேண்டும் என்று செயலாளர் ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பையும் விட மனசில்லை. ஆகவே நீச்சல் உடையிலும் ரப்பர் தொப்பியிலும் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். தோளில் துண்டும் முகத்தில் துக்கமுமாகப் பெற்றோர்கள். 'அஞ்சலி முடிந்ததும் வகுப்பு உண்டு' என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது.

நேற்று சாயங்காலமே செயலாளர் போன் செய்திருந்தார். "மாஸ்டர் நீந்துற மாதிரி ஒரு போட்டோ குடுங்கம்மா."

அவள் ஆல்பங்களைப் புரட்டினாள். விசிலோடு அப்பா. நீளக் கழியோடு அப்பா. மாணவர்களின் கோப்பையைத் தானே வாங்கிக்கொள்ளும் அப்பா. எல்லாவற்றிலும் இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கால் சட்டை.

"இல்லையே சார்."

"அதனால என்ன? ஆபீஸ்ல பழைய படம் எவ்வளவோ கெடக்கு. ஒட்டிக்கலாம்."

ஒட்டித்தான் இருந்தார்கள். பேனர் முழுசாக விரிந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கை மேலே எழும்பியிருந்தது. தோளிலிருந்து திவலைகள் சிதறின. தலை மட்டும் அப்பாவின் அடையாள அட்டைத் தலை: மூக்குக்கண்ணாடி, மீசை, தண்ணீருக்குள்ளும் வகிடு கலையாத முடி. கீழே 'நீரின் வேந்தன்'.

அவள் தலையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, பந்தய முடிவில் சுவரில் மோதி முறிந்த விரல். "வெரல் கெடக்கட்டும், எத்தனாவது வந்த?" என்று கேட்டார் அப்பா. மறு வருஷம் அந்த வளைந்த விரலோடு அவள் முதலாவதாக வந்தபோது எடுத்த படம் அது.

அதற்கடுத்த வாரம், ஒருநாள் காலை, குளத்துக் கதவு திறக்குமுன், அப்பா ஆழமான பக்கத்தில் வழுக்கி விழுந்தார். விளையாடுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் கையை எதற்கு இப்படிப் போட்டு அடித்துக்கொள்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. கரையில் நின்று அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே தாடைக்குக் கீழே கைகொடுத்து அவரைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா வந்து பார்த்தாள். இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் அப்பா சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ வர வேணாம். பொண்ணுங்களுக்கு இதெல்லாம் ஒரு வயசு வரைக்கும்தான்."

மறுநாள் ஊரார் பெண்களைப் பார்த்து, "பொண்ணுங்க நீந்தாத குடும்பம் ஒரு குடும்பமா?" என்று கரையில் நின்று முழங்கினார். கைதட்டல் வீடுவரை கேட்டது.

செயலாளர் குனிந்தார். "ரெண்டு வார்த்தை பேசணும்மா. மாஸ்டர் தண்ணியில எறங்கினா எப்படி இருப்பார்னு. நாங்க யாரும் பார்த்ததில்ல பாருங்க. கரையிலேர்ந்தே கத்துக் குடுத்துடுவார். அப்படி ஒரு தெறமை."

அவர் மைக்கைச் சரிபார்க்கப் போனதும் அம்மா சொன்னாள்: "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. போனவரு போயிட்டாரு."

"அது யார் கைன்னு தெரியுதாம்மா உனக்கு?"

அம்மா பேனரைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். "கண்ணு சரியாத் தெரியலடி."

காலையில் ஒரே தடவையில் ஊசிக்கு நூல் கோத்தவள்.

வரிசையிலிருந்து அவளுடைய பெண் ஓடிவந்தாள். எட்டு வயது. தாத்தா பத்து வயது வரை அனுமதித்திருந்தார். "அம்மா, தாத்தா வெரல் உன்னோடது மாதிரியே இருக்கு."

மைக்கருகிலிருந்து செயலாளர் முந்திக்கொண்டார். "பின்ன? ரத்தம்னா அப்படித்தான் பாப்பா. தாத்தாவுக்கு இருந்தாத்தான அம்மாவுக்கு வரும்? மீன்குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கணுமா?" பெற்றோர்கள் துக்கத்தோடு தலையாட்டினார்கள்.

குழந்தை பெட்டியருகே போய்க் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தது. நெஞ்சின் மேல் கோத்துவைத்த கைகள். சுண்டுவிரல் இரண்டும் நேராக இருந்தன. திரும்பி அம்மாவின் மடியைப் பார்த்தது.

அதற்குள் பாட்டி ஒரு துண்டை எடுத்து மகளின் இடது கை மேல் போட்டிருந்தாள். "ஈரக் காத்து, மூடிக்கோ."

மைக் கரகரத்தது. "நீரின் வேந்தரின் அருமைப் புதல்வி இப்போது..."

அவள் துண்டை எடுத்தாள். நான்காக மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள். எழுந்துபோய்ப் பேனருக்கு முன்னால் நின்றாள். செயலாளர் மைக்கை வலது கைப்பக்கம் நீட்டினார். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். நான்கு விரல்கள் அதைப் பற்றின. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளியே நின்றது.