பூனைக்காதின் அறை

அந்த இசைத்தட்டு ஆல்பம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சாம்பல் நிற உறை, அதில் மழையில் நனைந்த ஒரு சாலையின் படம். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசித்திருக்கிறாள். துணைக்குத் தாளம்கூடக் கிடையாது. அதன் முதல் பக்கத்தைக் கேட்டபடிதான் என் கணவர் இறந்தார். இசையின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கொன்றது அறை. அதை இழைத்து இழைத்துக் கட்டியவர் அவரேதான்.

அவருக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் காதருகே குட்டி அரவை மெஷின் கீச்சிடும். யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைத் தேய்த்து முடித்துவிட்டு வீட்டுக்கு வருபவருக்கு வேறு எந்தச் சத்தமும் ஆகாது. குழாய் சொட்டினால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போவார். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் அது எவர்சில்வரா பித்தளையா என்று சொல்வார். அவருடைய தங்கை அவருக்கு வைத்த பெயர் பூனைக்காது.

தங்கை வேறு ஊரில் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். இவர்களோடு மூன்றாவதாக ஒரு டவுன் பஸ் டிரைவர், என் கணவரின் சிநேகிதர். மூன்று பேருக்கும் இசைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் முதலில் எழுகிறாரோ அவர் போனில் கேட்பார்: "இப்ப வீட்ல என்ன ஓடுது?" மற்றவர்கள் பல் விளக்குவதற்கு முன்பே பதில் சொல்ல வேண்டும். எந்த ஆல்பம், எந்தப் பக்கம், எந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது, எல்லாம் குரல் செய்தியாக வரும். அடுத்த ஞாயிறுக்குள் ஒருவர் சொன்னதை மற்ற இருவரும் வீட்டில் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கேட்டதாகச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை டிரைவர் அப்படி மாட்டி, ஒரு மாதம் நாத்தனாரின் வாயில் அகப்பட்டார். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் ரசிகையல்ல, ரசிகரின் மனைவி.

எங்கள் வீட்டின் பின்னறையை அவர் கேட்கும் அறையாக மாற்றியிருந்தார். ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார். மேலே இருந்த காற்றுத் துளையைப் பலகையால் மூடி அதன் மேல் பஞ்சு மெத்தை அறைந்தார். சுவரெல்லாம் கனத்த திரை. "எறும்புகூட இனி கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும்" என்று சொல்லிச் சிரித்தார். உள்ளே உட்கார்ந்தால் தெரு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

அந்த வருடம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. அறையில் இருந்த மின் ஹீட்டரின் விசிறி உறுமியது. அதோடு ஸ்பீக்கரிலும் ஒரு ரீங்காரத்தை ஏற்றிவிட்டது. இரண்டு நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டார். மூன்றாவது நாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கேஸ் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பற்றவைத்துவிட்டு என் தலையைப் பிடித்து அதன் பக்கம் சாய்த்தார்.

"கேளு."

"ஒண்ணும் கேக்கலியே."

"அதான்! அதுக்குத்தான் இவ்வளவு அலைஞ்சேன்."

சுடர் ஆரஞ்சு நிறத்தில், பார்க்க அழகாக எரிந்தது.

அந்த வாரம்தான் டிரைவர் செல்லோ ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "பரவால்ல ரகம்தான், கேட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அனுப்பிய செய்தியை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இது பரவால்ல ரகமா? டிரைவரே, உங்களுக்குக் காது இருக்கா, இல்ல ஹாரனா? மூணாவது பாட்டு வரும்போது கை கால் எல்லாம் கரைஞ்சு போகுது. எந்திரிக்கவே தோணல. அப்படியே தூங்கிட்டேன். எந்த ஆல்பமும் என்னை இந்த மாதிரி பண்ணினதில்ல."

நாத்தனார் உடனே பதில் போட்டாள். "நானும் போட்டேன் அண்ணா. தூக்கமும் வரல, கரையவும் இல்ல. நடுவுல எழுந்து போய் வெங்காயம் நறுக்கினேன்."

"உன் ரூம் சரியில்ல" என்றார் இவர். "ரூம்தான் பாதி இசை."

தினமும் மாலையில் அதையே போட்டார். தினமும் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் தைலம் தேய்த்துவிட்டேன். பல் செட் கூடத்தில் தூசி அதிகம் என்றார். பிறகு ஒருநாள், ரெக்கார்டு மெதுவாக ஓடுகிறது, சுருதி கீழே இறங்குகிறது என்றார். தட்டைக் கழற்றினார், பெல்ட்டை மாற்றினார், எண்ணெய் விட்டார். கதவைத் திறந்துபோட்டு அந்த வேலையைச் செய்தபோது சுருதி சரியாக இருந்தது. கதவைச் சாத்திக் கேட்டபோது மறுபடி இறங்கியது. மெஷினில்தான் ஏதோ இருக்கிறது என்று திரும்பவும் அதையே குடைந்தார்.

டிரைவருக்கு நம்பிக்கை இல்லை. பந்தயம் கட்டிக்கொண்டு ஒரு மாலை வந்தார். "நான் ஸ்டியரிங்குல முப்பது வருஷமா தூங்காதவன்டா. ஒரு செல்லோ என்ன பண்ணும்?" இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது டிரைவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினார். அவர் முகம் சிவந்து, நல்ல ஆரோக்கியமானவர் முகம் போல இருந்தது. நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். அவர் எழுந்து வந்து அதை மறுபடி சாத்தினார்.

டிரைவர் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். "ஒத்துக்கறேன்ப்பா. தோத்துட்டேன். எனக்கும் இப்படி ஒரு ரூம் பண்ணிக் குடு." வாசல் கேட்டருகே குனிந்து வாந்தி எடுத்தார். "டிப்போ கேன்டீன் சாப்பாடு, தங்கச்சி. ஒண்ணும் பயப்படாத" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் முழுக்க என் கணவர் அவர் வீட்டுக்கு வேலையாளாகிவிட்டார். மிச்ச ரப்பர் பட்டையை எடுத்துப் போய் ஒட்டினார். அதே கடையில் அதே மாதிரி இன்னொரு ஹீட்டரையும் பார்த்துக் கொடுத்தார். திரும்பி வந்து, "என் ரூமுக்குத் தம்பி பொறந்திருக்கான்" என்றார்.

நாத்தனார் என்னைத் தனியாக அழைத்தது அப்போதுதான். "அண்ணி, அண்ணனுக்கு உடம்பு நல்லா இருக்கா?"

"தலைவலின்னு சொல்றாரு. ஏன்?"

"பேச்சு குழறுது அண்ணி. நான் நாள் முழுக்கக் குரலோட மாரடிக்கறவ, எனக்குத் தெரியும். மத்தியானம் வேலை செய்யற எடத்துலேர்ந்து அனுப்பினா கணீர்னு இருக்கு. சாயங்காலம் அந்த ரூம்லேர்ந்து அனுப்பினா குடிச்சவன் மாதிரி இழுக்குது."

"அவரா? காபியில சர்க்கரை தூக்கலா இருந்தாலே பயப்படறவரு."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. தலைக்குள்ள ஏதாச்சும்... டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போகணும். ஞாயித்துக்கிழமை நான் வரேன், சொல்லாதீங்க."

நான் சொல்லிவிட்டேன். வருகிறாள் என்பதை மட்டும். அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெங்காயம் நறுக்கியவளுக்கு அறை என்றால் என்னவென்று காட்டப் போகிறேன் என்றார். ஒரே ஒரு குறை மிச்சமிருந்தது. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி. ஞாயிறு காலை தரையில் மண்டியிட்டு அங்கேயும் பட்டையை ஒட்டினார். கதவைச் சாத்தியபோது அது 'ப்பூ' என்று மூச்சு விட்டது. அதற்குப் பிறகு வேறு சத்தமில்லை.

"வா, அவ வர்றதுக்குள்ள ஒரு பக்கம் கேப்போம்" என்று என்னைக் கூப்பிட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்ததை உள்ளே போனதும் மறந்தேன். ஹீட்டரின் கதகதப்பு. அவர் தன் நாற்காலியில், நான் கதவோரச் சோபாவில். ஊசியை வைத்தார். முதல்முறையாக எனக்கும் அந்த இசை பிடித்திருந்தது. வில் நரம்பின் மேல் நகர்வது கனத்த எதையோ ஒருவர் தரையில் இழுத்துப் போவது போலிருந்தது. நெற்றிப்பொட்டு அடித்துக்கொண்டது. கால்களைச் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். இதைத்தான் கரைவது என்கிறார் போல என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஒரு சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

பக்கம் முடிந்து ஊசி கடைசிப் பள்ளத்தில் இடிக்கிற சத்தம் அது. என் கணவர் அதை இரண்டாவது முறை இடிக்க விட்டதே இல்லை. ஊசி தேய்ந்துவிடும் என்று சாப்பிடுகிற கையோடு ஓடி வருவார். டக். நான் காத்திருந்தேன். டக். எழுந்து எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை என்பது எனக்குள் எங்கேயோ உறைத்தபோது கண்ணைத் திறந்தேன். அவர் நாற்காலியில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கன்னமெல்லாம் சிவந்து, ரசித்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார்.

என்னங்க என்றேன். சத்தம் வெளியே வந்ததா தெரியவில்லை. எழுந்தேன், கால் மடங்கி விழுந்தேன். அவர் பக்கம் போவதற்குத்தான் கையை ஊன்றினேன். உடம்பு கதவின் பக்கம்தான் நகர்ந்தது. கைப்பிடியில் தொங்கினேன். காலையில் ஒட்டிய பட்டை கதவைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அது விட்டபோது வெளியறைக் காற்று ஜில்லென்று முகத்தில் அறைந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தேன். வாசல் மணி அடித்தது. "அண்ணி!" என்று நாத்தனாரின் குரல் கேட்டது. பின்னால் டக், டக்.

கண் விழித்தபோது மூக்கின் மேல் ஆக்சிஜன் மூடி இருந்தது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கேட்கவில்லை. டாக்டர் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காற்றில்லாத இடத்தில் கேஸ் அரைகுறையாக எரிந்தால் வருகிற விஷ வாயு. மணம் கிடையாது, நிறம் கிடையாது. சத்தமும் கிடையாது என்று நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. மூடியைப் பிய்த்து எறிந்தேன்.

"டிரைவர் அண்ணன்" என்றேன். "அவர் ரூம்."

நாத்தனாருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவள் முகம் வெளுத்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மழை, டிரைவருக்கு விடுமுறை. வேறெங்கே இருக்கப் போகிறார்? மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அதன் பின்னால், தூரத்தில், ஏதோ ஒரு ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு, தங்கச்சிப் பாப்பாவா?" குரல் இழுத்தது, குடித்தவர் மாதிரி. "இப்பத்தாம்மா... சொக்குச்சு. உங்கண்ணன்கிட்ட சொல்லு. செல்லோவே இல்ல... வேற ஆல்பம்தான் போட்டேன். இதுவும் கரைக்குது. ரூம்தான்னு அவன் சொன்னான்ல... அவன் சொன்னது சரிதான்னு சொல்லு."

"ஜன்னலத் திறங்க!" என்று நாத்தனார் கத்தினாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அண்ணே, தூங்காதீங்க, எழுந்து ஜன்னலத் திறங்க! ஒடைங்க!"

அந்தப் பக்கம் போன் எதன் மேலோ விழுந்தது. நாங்கள் இருவரும் அந்தச் சின்னக் கருவியின் மேல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். என் கணவரைப் போலக் கேட்டோம். நாற்காலி நகர்ந்தது. ஏதோ சாய்ந்து உடைந்தது. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, என் கணவர் கையால் ஒட்டிய ரப்பர் பட்டை ஜன்னல் சட்டத்திலிருந்து பிய்ந்து வருகிற சத்தம் வந்தது, நீளமாக. அதன் பின்னாலேயே, பாட்டை மூழ்கடித்துக்கொண்டு, மழை.