ஐம்பதாவது கையெழுத்து

எங்கள் ஊர்ப் பாடப்பொருள் கிடங்கில் வரலாற்றையும் குடிமையியலையும் முழுசாகவே இரவல் தருகிறார்கள். பதினான்கு நாட்களில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இடது கொட்டகையில் வரலாறு, வலது கொட்டகையில் குடிமையியல். போர் வேண்டுமென்றால் அறுவடை முடிந்த வயலும் பக்கத்து வயல்காரரின் சம்மதக் கடிதமும் காட்ட வேண்டும். முடிசூட்டு விழாவுக்கு யானைத் தீனி நம் பொறுப்பு. வாடகை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் உடன்படிக்கைகளைத்தான் எடுத்துப் போவார்கள். அவை ஒரு மேசைக்குள் அடங்கிவிடும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். என் மகள் இன்மொழிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பேருந்தை நிறுத்திய பிறகு வீட்டில் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கும் தமிழும் எப்படியோ ஓடின. குடிமையியல் ஓடவில்லை. தெருவிளக்கை எங்கே நடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருபத்தொன்றாம் தேதி கல்வி அலுவலர் வீட்டுக்கு வந்து அவளைச் சோதிப்பதாக இருந்தது. பதில் சொல்லாவிட்டால் மாவட்டத் தலைநகரில் உள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் குளித்தால் தலையைச் சரியாகத் துவட்ட மாட்டாள். விடுதியில் யார் துவட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே கிடங்குக்குப் போனேன்.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் ஞானசீலி மேடம். நாடாளுமன்றம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன்.

“வீடு எத்தனை சதுர அடிம்மா?”

“நானூத்தி இருபது.”

“அப்ப நாடாளுமன்றத்த மறந்துடுங்க. நகராட்சிக் கூட்டம் வெளிய போயிருக்கு. ஒரு கிராமசபை இருக்கு, ஆனா அதுல குறை இருக்கு.”

அந்தக் கிராமசபைக்கு ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால்தான் கோரம், கூட்டம் செல்லும். இருந்தது நாற்பத்தொன்பது பேர். ஐம்பதாவது ஆளை ஒரு பள்ளிக்கூடத்தில் மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அவர் அங்கேயே காவலாளியாகிவிட்டார்.

“தீர்மானம் நிறைவேறாது, அவ்வளவுதான். மத்தபடி நல்ல கூட்டம்” என்றார் மேடம்.

“அந்த ஒரு கையெழுத்த நான் போட்டுட்டா?”

“போடலாம். ஆனா போட்டவங்க கூட்டத்தோட சேர்த்தி. திருப்பித் தர்றப்ப நீங்களும் கூடவே வரணும். பதிவேட்டத் தொடாம இருங்க.”

தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு அட்டையில் பதிந்துகொண்டேன்.

மறுநாள் மூன்று லாரிகளில் கிராமசபை வந்தது. முப்பத்தொரு பேர் கூடத்திலும் பதினெட்டுப் பேர் கொல்லையிலும் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக் கவலை இல்லை. கூட்டம் நடந்த நாளின் காலை இட்லி அவர்கள் வயிற்றில் அப்படியே இருந்தது. எனக்குத் தரையைப் பற்றித்தான் கவலை. நாற்காலிக் கால்கள் கீறிவிடும் என்று பழைய புடவைகளைக் கிழித்து நூற்றுத் தொண்ணூற்றாறு துண்டு போட்டுக் கட்டினேன். என் கணவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

தினமும் பதினொரு மணிக்குச் செயலர் ஆட்களை எண்ணுவார். நாற்பத்தொன்பது. கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்பார் தலைவர். எல்லோரும் டீ குடிப்பார்கள். இரண்டு மணிக்கு மறுபடியும் எண்ணுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் கீழத்தெருச் சிறுபாலத்தைப் பற்றிப் பேசுவார்கள். மழை வந்தால் அந்தத் தெரு துண்டாகிவிடுமாம்.

“பாலத்து மேல நடந்து போகலாம்னு இருந்தேன் தலைவரே. இனிமே என்னைத் தூக்கிட்டுப் போகத்தான் ஆகும் போல” என்றார் மூன்றாம் வரிசைப் பவுனம்மா.

“தூக்க நாலு பேர் போதும் பவுனம்மா. பாலத்துக்குத்தான் அம்பது பேர் வேணும்.”

“நாலு பேரும் எந்தப் பக்கமா தூக்கிட்டுப் போவாங்களாம்? அதுக்கும் பாலம் வேணுமில்ல?”

இன்மொழி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். தெருவிளக்கு யார் முடிவு என்று நான்காம் நாளே தெரிந்துகொண்டாள். எனக்கும் சொன்னாள்.

இருபத்தொன்றாம் தேதி கல்வி அலுவலர் வந்தார். நாற்காலி எதுவும் காலியாக இல்லாததால் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்தார். ஊராட்சி என்றால் என்ன, வார்டு என்றால் என்ன என்று கேட்டார். சொன்னாள். கடைசியாக, தீர்மானம் எப்படி நிறைவேறும் என்று கேட்டார்.

“நிறைவேறி நான் பாத்ததில்ல சார்” என்றாள்.

“பாக்காத பாடம் நடத்தாத பாடம்மா.” அவர் பையிலிருந்து விடுதிப் படிவத்தை எடுத்தார். பெட்டியில் துணி அடுக்கி வைக்கலாம் என்றும் சொன்னார்.

அப்போது பதிவேடு வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பவுனம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, வைக்க இடம் இல்லாமல் அடுக்களை வாசலில் நின்ற என்னிடம் நீட்டினார். ஐம்பது என்ற எண்ணுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் என் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டதற்குப் பிறகு நான் எந்தப் பதிவேட்டையும் பிடித்ததில்லை. இன்மொழியின் தலை அன்றைக்கும் ஈரமாகத்தான் இருந்தது. கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டு, தலைப்பெழுத்தோடு சேர்த்து என் பெயரை எழுதினேன்.

செயலர் எண்ணினார். ஐம்பது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். கைகள் உயர்ந்தன. நானும் தூக்கினேன்.

“இப்படித்தான் சார்” என்றாள் இன்மொழி.

அலுவலர் விடுதிப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே படிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

பதினான்காம் நாள் நானும் லாரியில் ஏறினேன். தலையைத் துவட்டு, பாலை மூடி வை என்று சொல்லிக்கொண்டே போனேன். ஞானசீலி மேடம் குறை உள்ளது என்று கட்டியிருந்த அட்டையைக் கத்தரித்தார்.

முழுதான கிராமசபை என்று தெரிந்ததும் எல்லாப் பள்ளிகளும் கேட்டன. ஐந்து மாதத்தில் ஏழு பள்ளிகளுக்கும் இரண்டு வீடுகளுக்கும் போனோம். எனக்குப் பவுனம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. இட்லி எனக்கும் வயிற்றில் வந்துவிட்டது. இன்மொழி தன் முறைக்காகப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தாள். பங்குனியில் அவளுக்குக் கிடைத்தோம்.

வீட்டுக்குள் போனபோது கூடத்தின் நடுவே சிறுபாலம் இருந்தது. தீர்மானம் எங்கள் வீட்டில் நிறைவேறியதால் பாலத்தையும் எங்கள் வீட்டிலேயே கட்டியிருந்தார்கள். என் கணவர் அதன் மேல் ஏறி இறங்கிக் கடைக்குப் போய்வந்தார். பவுனம்மா மூன்று தடவை நடந்து பார்த்தார்.

பதினொரு மணிக்கு இன்மொழி மனு கொடுத்தாள். அம்மாவை வீட்டுக்கு விட வேண்டும் என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தாள். ஐம்பது பேரும் கை தூக்கினோம்.

செயலர் கண்ணாடியைக் கழற்றினார். “நிறைவேத்தினா இவங்க போயிடுவாங்க. போயிட்டா நாப்பத்தொன்பது. கோரம் இல்லாத கூட்டத்துல போட்ட தீர்மானம் செல்லாதே பாப்பா.”

“சிவப்பு மையில என் பேர அடிக்கலயே, விடு” என்றேன் நான். அவள் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டி எதையோ பார்த்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள். குடிமையியல் பக்கம் போகவில்லை, வரலாற்றுப் பக்கம் போயிருக்கிறாள். ஏதாவது ஒரு போரிலிருந்து ஒரே ஒரு ஆள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள்.

“தோத்த பக்கத்துல எடுத்துக்கோ. ஒருத்தர் குறைஞ்சா பாடம் மாறாது” என்றாராம் மேடம்.

இரண்டு மணிக்கு அந்தப் போர்வீரர் வந்தார். நடுவயது. முழங்காலில் பழைய காயம். ஈட்டியைக் குளிர்பதனப் பெட்டி ஓரம் சாய்த்துவிட்டு, எங்கே கையெழுத்து என்று கேட்டார். எழுதத் தெரியாது. செயலர் மைப்பெட்டியைத் திறந்தார். வீரர் ஐம்பத்தொன்றாவது வரியில் கட்டைவிரலை வைத்தார்.

மறுபடியும் கை தூக்கினோம். என் நாற்காலிக் காலில் கட்டியிருந்த துணியை நானே அவிழ்த்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். பால் மூடாமல்தான் இருந்தது. மூடினேன். இன்மொழி வந்து என் முன்னால் குனிந்து நின்றாள். தலையைத் துவட்டினேன்.

கூடத்தில் வேறு ஏதாவது பொருள் உண்டா என்று தலைவர் கேட்டார். புதிதாக வந்தவர் எழுந்தார். இந்தப் பாலத்தில் இரண்டு குதிரைகள் சேர்ந்து போக முடியாது, பின்வாங்கும்போது கஷ்டம், அகலப்படுத்த வேண்டும் என்றார். நியாயம்தான் என்றார் பவுனம்மா. எண்ணினார்கள், ஐம்பது சரியாக இருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள்.

மறுநாள் காலை நானும் என் கணவரும் பீரோவை நகர்த்தி வைத்தோம்.